மரத்த விரல்களும் சத்து மாத்திரைகளும்

கீமோ என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் முதலில் எழுவது முடி கொட்டிய தலையும் ஓயாத வாந்தியும்தான். முடி திரும்ப வளர்ந்துவிடுகிறது. வாந்தியை அடக்கப் போதிய வல்லமையுள்ள ஔஷதங்களும் இன்று கைவசம் உள்ளன. ஆனால் சிகிச்சை அனைத்தும் முடிந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் மகிழ்ச்சியோடு சொல்லி அனுப்பிய பின்னரும், சட்டைப் பொத்தானைத் துளையில் நுழைக்க மாட்டாமல் தடுமாறுகிறவர்களும், காலிலிருந்து ரப்பர் செருப்பு நழுவி விழுந்ததை அறியாமலே வாசல்வரை நடந்துபோய்ப் பிறர் சொல்லக் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறவர்களும், கோலப்பொடியை விரலிடுக்கில் எடுத்தால் எவ்வளவு எடுத்தோம் என்றே தெரியாமல் இழையைச் சிதறவிடும் பெண்களும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மதமதப்பு, ஊசி குத்தல், எரிச்சல் என்று அவரவர் வாய்ச்சொல்லில் விவரிக்கப்படும் இந்த உபாதை, புற நரம்புகள் சேதமுறுவதால் விளைவது. பல ஆய்வுகளைத் தொகுத்து 4,179 நோயாளிகளின் நிலையைக் கணக்கிட்டு 2014-இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் 68 சதவிகிதத்தினருக்கும், ஆறு மாதமோ அதற்கு மேலோ கழிந்த பின் 30 சதவிகிதத்தினருக்கும் இச்சேதம் காணப்படுவதாகக் கூறுகிறது.

இத்தகைய துன்பத்தைக் கண்டு சும்மா இருக்க வீட்டாருக்கு மனம் வராது. மருந்துக் கடையில் நரம்புக்குச் சத்து மாத்திரை என்று கேட்டால், பெரும்பாலும் சீட்டு இல்லாமலேயே ஓர் அட்டை கைக்கு வந்துவிடுகிறது. அதைத் திருப்பிப் பார்த்தால் மெத்தில்கோபாலமின், ஆல்ஃபா லிபோயிக் அமிலம், பைரிடாக்ஸின், ஃபோலிக் அமிலம் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும்; இதனோடு வைட்டமின் ஈ அடங்கிய மாத்திரையும் சேர்ந்துகொள்வதுண்டு. இவற்றுள் சில, சரீரத்தில் ஆக்ஸிஜனேற்றத்தால் நேரும் சேதத்தைத் தடுப்பவை என்று பெயர் பெற்றவை. கீமோ நடக்கும்போதே இவற்றை உட்கொண்டால் நரம்பு தப்பிக்குமா என்ற கேள்வியை விஞ்ஞானிகள் கடந்த முப்பது ஆண்டுகளாகப் பரிசோதித்து வந்திருக்கிறார்கள். அந்தப் பரிசோதனைகளின் வரலாறு, அழகான சித்தாந்தம் ஒன்று அனுபவத்தின் முன் நிற்க மாட்டாமல் சரிந்த வரலாறு.

நரம்பைத் தாக்கும் மருந்துகள் பல இருப்பினும் மூன்று வமிசங்கள் முக்கியமானவை. முதலாவது பிளாட்டினம். இத்தாலியரான மிக்கேல் பெய்ரோன் 1844-இல் தயாரித்த பிளாட்டின உப்பு ஒன்று, நூற்றிருபது ஆண்டுகள் ரசாயனப் புத்தகங்களில் மட்டுமே வாழ்ந்திருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர், மின்சாரப் புலத்தில் பாக்டீரியாக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று பார்ப்பதற்காகப் பிளாட்டினத் தகடுகளின் இடையே அவற்றை வளர்க்க, அவை பிரிந்து பெருகாமல் நூல் நூலாக நீண்டுபோவதைக் கண்டு, அதற்குக் காரணம் மின்சாரம் அன்று, தகட்டிலிருந்து கரைந்த பிளாட்டினமே என்று தெளிந்து, 1965-இல் வெளியிட்ட பிறகுதான் அந்த உப்பு சிஸ்பிளாடின் என்ற மருந்தாக அவதாரம் எடுத்தது. 1978-இல் அமெரிக்க அரசின் அனுமதியும் பெற்றது. அதன் இளைய உறவினர் ஆக்ஸாலிபிளாடின், குடல் புற்றுக்கு இன்று பரவலாகக் கொடுக்கப்படுவது. இரண்டாவது, பசிபிக் கரையோர யூ மரத்தின் பட்டையிலிருந்து பெறப்பட்ட பாக்லிடாக்ஸலும் அதன் இனத்தனவுமாகிய டாக்ஸேன் மருந்துகள். மூன்றாவது நமக்கு அந்நியமே அன்று: நம் தென் மாவட்டங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடப்படுவதும், பல வீட்டு முற்றங்களில் பூசைப் பூவாகப் பூத்து நிற்பதுமான நித்தியகல்யாணிச் செடியே வின்கிரிஸ்டினைத் தருகிறது.

இம்மூன்றும் நரம்பைத் தாக்கும் வழிகள் வெவ்வேறு. தொடு உணர்வைத் தாங்கிச் செல்லும் நரம்பணுக்களின் உடல்கள் தண்டுவடத்தை ஒட்டிய முடிச்சுகளில் அமைந்திருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் இழை கால் பெருவிரல் வரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. மூளைக்கும் நரம்புகளுக்கும் இரத்தத்திலுள்ள பொருள்களை வடிகட்டி அனுப்பும் ஒரு காவல் உண்டு. இந்த முடிச்சுகளுக்கோ அக்காவல் போதிய அளவில் இல்லை. ஆகவே சிஸ்பிளாடின் தடையின்றி உட்புகுந்து, அணுவின் மரபுப் பொருளில் ஒட்டிக்கொண்டு, அந்த அணுவையே மெல்ல மெல்ல மாய்க்கிறது. பாக்லிடாக்ஸலும் வின்கிரிஸ்டினும் இழையின் உள்ளே சரக்குப் போக்குவரத்துக்குத் தண்டவாளம்போல் அமைந்த நுண்குழாய்களைக் குலைத்துவிடுகின்றன. எந்த வழியாயினும், மிக நீண்ட இழைகளே முதலில் வாடும். அதனால்தான் மரப்பு கால் விரல் நுனியில் தொடங்கி மேலேறுகிறது. பிளாட்டினத்தில் இன்னொரு விபரீதமும் உண்டு: மருந்தை நிறுத்திய பின்னரும் சில மாதங்கள் வரை சேதம் வளர்ந்துகொண்டே போகலாம். மருந்து நின்றுவிட்டதே, இனிக் குறையும் என்று காத்திருக்கும் நோயாளிக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும். பல சமயங்களில் சொல்வதில்லை.

ஆக்ஸிஜன் இங்கே எங்கிருந்து வந்தது? உயிரணுவின் எரிசக்திக் கூடமாகிய மைட்டோகாண்ட்ரியா, இம்மருந்துகளால் ஊறுபட்டு, கட்டுக்கடங்காத ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கக்கி, சுற்றியுள்ள கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கிறது என்பது எலிகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட உண்மை. இத்தகைய மூலக்கூறுகளே முதுமைக்குக் காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் 1956-இல் ஒரு கொள்கையை முன்வைத்ததிலிருந்து, அவற்றை அடக்கும் பொருள்களின்மேல் உலகத்துக்கு ஒரு மோகமே பிறந்துவிட்டிருந்தது. சேதத்துக்குக் காரணம் ஆக்ஸிஜன். அதை அடக்குவது இன்ன மாத்திரை. ஆகவே மாத்திரையை விழுங்கினால் நரம்பு பிழைக்கும் என்ற தர்க்கத்தில் வெளிப்படையான ஓட்டை எதுவும் இல்லை. எலிகளும் அதற்குச் சாட்சி சொல்லின.

மனிதரிடத்தில் முதல் நற்செய்தி இத்தாலியிலிருந்து வந்தது. வைட்டமின் ஈ பற்றாக்குறையால் வரும் நரம்பு நோயும் சிஸ்பிளாடினால் வரும் நரம்பு நோயும் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் கவனித்த ரோம் நகரத்து வைத்தியர்கள், தினம் 300 மில்லிகிராம் வைட்டமின் ஈயைச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வைட்டமின் பெற்றவர்களில் 30.7 சதவிகிதத்தினருக்கு நரம்புச் சேதம், பெறாதவர்களில் 85.7 சதவிகிதத்தினருக்கு. எண்களைக் கேட்டால் எவருக்கும் உற்சாகம் பிறக்கும். ஆனால் சதவிகிதத்தைப் பிரித்துப் பார்த்தால், பதின்மூன்று பேரில் நால்வர், பதினான்கு பேரில் பன்னிருவர் என்பதே அதன் பொருள். ஆராயப்பட்டவர் மொத்தம் 27 பேர். மேலும், மற்றக் குழுவினருக்கு வெற்று மாத்திரை எதுவும் கொடுக்கப்படவில்லை. தாம் மருந்து சாப்பிடுகிறோமா இல்லையா என்பதை நோயாளி அறிந்திருந்தார். அதே குழுவினர் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட இரண்டாம் ஆய்விலும் முடிவு சாதகமாகவே இருந்தது. எனினும் அதில் சேர்க்கப்பட்ட 108 பேரில் இறுதிக் கணக்குக்கு வந்தவர்கள் 41 பேர்தாம்.

2011-இல் அமெரிக்காவில் 207 நோயாளிகளை வைத்து நடத்திய பரிசோதனை வெளிவந்தது. ஒரு நாளைக்கு இருமுறை 400 மில்லிகிராம் வைட்டமின் ஈ. ஒப்பீட்டுக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரை. எவருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. முடிவில், கவலைக்குரிய அளவு நரம்புச் சேதம் அடைந்தவர்கள் வைட்டமின் குழுவில் 34 சதவிகிதம், வெற்று மாத்திரைக் குழுவில் 29 சதவிகிதம். வேறுபாடு இல்லை என்பதே இதன் தீர்ப்பு. இப்பரிசோதனையில் பெரும்பாலோர் சிஸ்பிளாடின் அல்லாத மருந்துகள் பெற்றவர்களாயிற்றே, ஆகவே ரோம் நகரத்து முடிவை இது பொய்யாக்கவில்லையே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் கடைக்காரர் அட்டையை நீட்டும்போது, உங்களுக்கு ஏறுவது சிஸ்பிளாடினா பாக்லிடாக்ஸலா என்று விசாரித்துவிட்டு நீட்டுவதில்லை.

ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் மற்றொரு பொருளான குளூட்டாதயோனின் கதையும் ஏறக்குறைய இதுவே. இத்தாலியில் இரைப்பைப் புற்றுநோயாளிகள் 50 பேரிடம், சிஸ்பிளாடினுக்குச் சற்று முன்னால் இதை இரத்தக் குழாய் வழியே ஏற்றிப் பார்த்தார்கள்; பதினைந்து வாரங்கள் கழித்து வெற்று மருந்து பெற்ற 18 பேரில் 16 பேருக்குச் சேதம், குளூட்டாதயோன் பெற்ற 24 பேரில் நால்வருக்கே சேதம் என்று 1995-இல் அறிவித்தார்கள். பாக்லிடாக்ஸலும் பிளாட்டின இனத்துக் கார்போபிளாடினும் பெற்ற 185 பேரிடம் பின்னர் அமெரிக்காவில் செய்த சோதனை, 2014-இல், பயன் ஏதும் இல்லை என்று முடிந்தது. ஆல்ஃபா லிபோயிக் அமிலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை: 243 பேர் சேர்ந்த பரிசோதனையில், தினம் மூன்று வேளை 600 மில்லிகிராம் வீதம் 24 வாரம் விழுங்கி முடித்தவர்கள் 70 பேர் மட்டுமே, அவர்களிடமும் வேறுபாடு தென்படவில்லை. கீமோவால் நாக்கு கசந்து, வயிறு குமட்டும் ஒருவரிடம் நாளுக்கு மூன்று பெரிய மாத்திரைகளை அதிகமாகக் கொடுப்பது எத்தகைய பாரம் என்பதை, ஆய்வை வகுத்தவர்களைவிட அதிலிருந்து விலகிய நோயாளிகளே நன்கு அறிந்திருந்தார்கள்.

நின்று யோசிக்க வேண்டிய கட்டம் அஸிடைல் எல் கார்னிட்டின் என்ற பொருளினுடையது. நம் சரீரமே உற்பத்தி செய்துகொள்ளும் இப்பொருள், கொழுப்பை மைட்டோகாண்ட்ரியாவினுள் கொண்டு சேர்ப்பதில் பங்குடையது; நரம்பு வளர்ச்சிக்கு ஊக்கம் தருவது; எலிகளில் பாக்லிடாக்ஸலின் கேட்டைத் தடுத்தது; சிறு ஆய்வுகளில் மனிதருக்கும் நன்மை செய்வதாகத் தோன்றியது. இவ்வளவு நற்சான்றுகளோடு வந்த வேட்பாளர் வேறு எதுவும் இல்லை. ஆகவே மார்பகப் புற்றுக்காக டாக்ஸேன் மருந்து பெறவிருந்த 409 பெண்களைத் திரட்டி, பாதிப் பேருக்குத் தினம் 3,000 மில்லிகிராம் கார்னிட்டினும், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் 24 வாரங்களுக்குக் கொடுத்தார்கள். 2013-இல் டான் ஹெர்ஷ்மனும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட முடிவு, எதிர்பார்த்தவர்களைத் திடுக்கிட வைத்தது. பன்னிரண்டாவது வாரத்தில் இரு குழுவுக்கும் வேறுபாடில்லை. இருபத்து நான்காவது வாரத்திலோ, நரம்பு நிலை குறிப்பிடத்தக்க அளவுக்குச் சரிந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 28 சதவிகிதம், கார்னிட்டின் குழுவில் 38 சதவிகிதம். கடுமையான சேதம் முன்னதில் ஒருவருக்கு, பின்னதில் எட்டுப் பேருக்கு. இதைவிடக் கவலை தருவது, அதே பெண்களை இரண்டாண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தபோது, மாத்திரையை நிறுத்தி வெகுகாலம் ஆன பின்பும் இந்தத் தாழ்வு நீங்காமல் இருந்ததே. நரம்பைக் காக்கும் என்று நம்பி, ஒரு நாள் தவறாமல் விழுங்கிய மாத்திரையே நரம்பைக் கெடுத்தது. வெற்று மாத்திரையோடு ஒப்பிடும் அந்தப் பரிசோதனை நடக்காமல் இருந்திருந்தால், இந்தப் பெண்களின் மரத்த விரல்களுக்குக் கீமோ ஒன்றையே குற்றவாளியாக்கி, இன்னும் கொஞ்சம் கார்னிட்டின் சாப்பிடுங்கள் என்று நாம் உபதேசம் செய்துகொண்டிருப்போம்.

சிறு ஆய்வில் ஒளிர்ந்தது பெரிய ஆய்வில் மங்குவது ஏன் என்று கேட்கலாம். மரப்பு என்பது நோயாளி தாமே சொல்லி அறிய வேண்டிய ஒன்று. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லையே மாற்றிவிடும். இருபது முப்பது பேர் உள்ள குழுவில் இருவர் மூவர் இப்படியோ அப்படியோ சாய்ந்தால் சதவிகிதம் தலைகீழாகிவிடும். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களைக் கணக்கிலிருந்து நீக்கும்போது எஞ்சுவது, தாங்கிக்கொண்டவர்களின் கூட்டம். பயனில்லை என்று முடிந்த சிறு ஆய்வுகள் பல, அச்சேறாமலேயே அலமாரியில் உறங்கிவிடுவதும் உண்டு. எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதன் கால் நரம்பு சில அங்குல நீளமே, அதற்குப் புற்றுநோயும் பெரும்பாலும் இருப்பதில்லை.

பயனின்மைக்கு அப்பால் இன்னோர் அச்சமும் இருக்கிறது. அது இன்னும் தீவிரமானது. நரம்பைக் காக்கும் பொருள், கட்டியையும் சேர்த்துக் காத்துவிட்டால்? குளூட்டாதயோன் பிளாட்டினத்தைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்வது. பிளாட்டினத்துக்குப் பணியாத புற்றணுக்கள் பலவற்றில் குளூட்டாதயோன் மிகுந்திருப்பதும் காணப்பட்டிருக்கிறது. 1992-இல் சூலகப் புற்றுநோயாளிகளிடம் சிஸ்பிளாடினோடு பைரிடாக்ஸின் என்ற வைட்டமினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், நரம்புச் சேதம் குறைந்தது உண்மையே. ஆனால் கட்டி அடங்கியிருந்த காலமும் குறைந்துவிட்டது. 2020-இல், மார்பகப் புற்றுக்குக் கீமோ பெற்ற 1,134 பேரின் பழக்கங்களை ஆராய்ந்தவர்கள், சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகள் உட்கொண்டவர்களிடம் நோய் திரும்பிய வீதம் அதிகமாக இருக்கக் கண்டார்கள். இது கணக்கின் விளிம்பில் நிற்கும் முடிவு. காரண காரியத் தொடர்பை நிரூபிப்பதும் அன்று. இதை வைத்துக்கொண்டு யாரையும் பயமுறுத்துவது முறையாகாது. ஆயினும், நன்மை நிரூபணமாகாத ஒன்றில் தீமைக்கும் இடமுண்டு என்று தெரிந்த பிறகு, உண்பானேன் என்பது என் அபிப்பிராயம்.

வைட்டமினால் நரம்பைக் காக்கவே முடியாது என்று இதிலிருந்து கொள்ளலாகாது. அதற்கு மறுப்பு சென்னையிலேயே இருக்கிறது. 1956-இல் இங்கே நிறுவப்பட்ட காசநோய்ச் சிகிச்சை ஆய்வு நிலையத்தார், ஐசோநயாசிட் என்ற மருந்தை உயர்ந்த அளவில் பெற்ற காசநோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கை கால் எரிச்சலும் மரப்பும் தோன்றுவதைக் கண்டு, குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்து, சிறு அளவு பைரிடாக்ஸின் அதைத் தடுத்துவிடுகிறது என்று 1963-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் நிலைநாட்டினார்கள். ஐசோநயாசிட் உடலிலுள்ள பைரிடாக்ஸினையே வீணாக்கிவிடுகிறது. இழந்ததைத் திருப்பிக் கொடுத்தால் குறை தீர்கிறது. அங்கே நோயே பற்றாக்குறை. கீமோவினால் வரும் சேதமோ பற்றாக்குறையால் வருவதன்று. இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதே பைரிடாக்ஸினை நாளுக்கு 2 கிராம் முதல் 6 கிராம் வரை விழுங்கிய ஏழு பேருக்கு, அந்த வைட்டமினே கடுமையான நரம்பு நோயை உண்டாக்கியதாக 1983-இல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினார்கள். அவ்வளவு பெரிய அளவு நம் கடை மாத்திரைகளில் இல்லை. ஆனாலும் சத்து என்ற பெயருடைய எதுவும் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைக்கு இது போதிய பதில்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் இவ்வாய்வுகள் அனைத்தையும் சீர்தூக்கி 2014-இல் வெளியிட்டு, 2020-இல் புதுப்பித்த வழிகாட்டியில், நரம்புச் சேதத்தைத் தடுப்பதற்கென்று எந்த மருந்தையும் சிபாரிசு செய்யவில்லை. அஸிடைல் எல் கார்னிட்டினைக் கொடுக்கலாகாது என்று தனித்தே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே வந்துவிட்ட வலிக்கு மட்டும் டுலோக்ஸெட்டின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்கிறது. மரப்பை அது பெரிதும் நீக்குவதில்லை.

உண்மையில் நரம்புகளைக் காப்பாற்றியவை மாத்திரைகள் அல்ல, கொடுக்கும் முறையில் நேர்ந்த மாறுதல்கள். குடல் புற்றுக்கு அறுவைக்குப் பின் ஆறு மாதம் கொடுத்துவந்த ஆக்ஸாலிபிளாடின் சிகிச்சையை மூன்று மாதமாகக் குறைத்தால் என்ன என்று பல நாடுகளில் 12,834 பேரிடம் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள்; கவலைக்குரிய நரம்புச் சேதம், ஒரு கூட்டு மருந்து முறையில், ஆறு மாதம் பெற்றவர்களில் 48 சதவிகிதமாக இருந்தது, மூன்று மாதம் பெற்றவர்களில் 17 சதவிகிதமாக இறங்கியது. நோயின் தீவிரம் குறைந்த பலருக்கு மூன்று மாதமே போதும் என்பதும் தெரிந்தது. போர்டிஸோமிப் என்ற மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றாமல் தோலின் அடியில் போட்டபோது நரம்புச் சேதம் 53 சதவிகிதத்திலிருந்து 38 சதவிகிதமாகக் குறைந்தது. மருந்தின் பலன் குறையவில்லை. ஜப்பானில் கியோட்டோ நகரத்தார், பாக்லிடாக்ஸல் ஏறும் நேரத்தில் ஒரு கைக்கும் ஒரு காலுக்கும் மட்டும் உறைகுளிர் உறை அணிவித்து, மறு கையையும் மறு காலையும் வெறுமனே விட்டு ஒப்பிட்டார்கள். கைகளில் தொடு உணர்வு குறைந்தது, உறையிட்ட பக்கத்தில் 27.8 சதவிகிதம், இடாத பக்கத்தில் 80.6 சதவிகிதம். இதுவும் முப்பத்தாறு பேரின் கணக்குத்தான். வைட்டமின் ஈ விஷயத்தில் காட்டிய எச்சரிக்கையை இதற்கு மட்டும் தளர்த்த நமக்கு உரிமையில்லை. தவிர, குளிர்ச்சியே தீயாய்ச் சுடும் ஆக்ஸாலிபிளாடின் நோயாளிக்கு இந்த உபாயத்தை யாரும் தாமாகச் செய்துவிடக் கூடாது.

கீமோவுக்குச் செல்கிறவர்களிடமும் அவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகளிடமும் நான் கேட்டுக்கொள்வது இரண்டு. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், பொடிகள், சூரணங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்ப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள். நீரிழிவுக்காகவோ பி-12 குறைவுக்காகவோ வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்ததாக இருந்தால், நீங்களாக நிறுத்திவிடாமல் அதையும் அவரிடமே கேளுங்கள். அடுத்தது, ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுமுன்பும், பொத்தான் போட முடிகிறதா, செருப்பு காலில் இருப்பது தெரிகிறதா, குளிர்ந்த நீரைத் தொட்டால் சுரீரென்கிறதா என்று நோயாளியை நீங்களே விசாரித்து, சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்று அஞ்சி அவர் மறைத்தாலும், டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அளவைக் குறைப்பதோ, இடைவெளி விடுவதோ, மருந்தையே மாற்றுவதோ அந்தச் செய்தி உரிய காலத்தில் அவர் காதுக்கு எட்டினால்தான் முடியும்.